பிரெஞ்சு வினையில் நான் போட்ட கோடு

சோளகக் காற்று அடிக்கும்போது எங்கள் மன்னார் வீட்டு ஜன்னல் கொளுக்கி சட்டத்தில் முட்டும். டொக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். அது கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன். தங்கச்சி பிரெஞ்சு படித்த மாதங்களில் வளையலால் மேசை விளிம்பில் அப்படித்தான் தட்டுவாள், அசைக்கு ஒரு தட்டு.

அப்பா அம்மா கண்மூடிய பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் தமிழ் ஆசிரியை, அவளுக்குக் கந்தோரில் கிளார்க் வேலை. பிரெஞ்சு தெரிந்தால் கனடாக் குடியேற்ற விண்ணப்பத்துக்குப் புள்ளி கூடுமாம்.

"இல்லாட்டி ஒருத்தியை ஒருத்தி பாத்துப் பாத்தே கிழவியாவம்," என்றாள். "நீங்கள் பாதித் தூரம் போயிட்டியள்."

அவளுடைய கொப்பியில் வினை அட்டவணையைக் கண்டதும் எனக்குக் கை துறுதுறுத்தது. வகுப்பில் பகுதி, விகுதி என்று சொற்களை வெட்டி வெட்டிப் பழகிய கை. 'பேசுகிறோம்' என்பதற்கு அவர்களிடம் 'பார்லோன்'. பார்ல் பகுதி, ஓன் விகுதி. நடுவே சிவப்புப் பேனையால் ஒரு கோடு. பக்கம் பக்கமாகப் போட்டேன். கோடு கண்ட இடமெல்லாம் அவள் மூச்சை நிறுத்தினாள்: பார்ல். டொக். ஓன்.

ஒருநாள் அவளுடைய போன் பாடம் சமையலறை வரை கேட்டது. அந்தக் குரல் 'பார்' என்று திறந்து 'லோன்' என்று முடிந்தது. இலக்கணம் பிரிக்கிற இடம் ஒன்று, நாக்குப் பிரிக்கிற இடம் இன்னொன்று. மெய்யின்மேல் உயிர் ஏறிக்கொள்ளும் என்று வருடாவருடம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள் நான். அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். குழம்பைக் கிளறிக்கொண்டே நின்றேன். தேறினால் போய்விடுவாள்.

கொழும்பில் வாய்மொழிச் சோதனையில் தவறிவிட்டு வந்தாள். செருப்பைக் கழற்றியபடி சிரித்தாள்.

"கேள்வி கேட்டவ பாவம் அக்கா. நான் ஒரு சொல்லை முடிக்கிறதுக்குள்ள அவ தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திருக்கலாம்."

நானும் சிரித்தேன். மறுநாள் சந்தையில் அவளுக்குப் பிடித்த பாரை மீனில் பெரியதாகப் பார்த்து வாங்கினேன். அவள் இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிட்டாள்.

இரண்டாம் முறை போகிற காலை. பஸ்ஸில் ஜன்னலோரம் கொப்பியை விரித்து வைத்திருந்தாள். உதடு அசைந்தது, கோடு வந்ததும் நின்றது, மறுபடி அசைந்தது. நான் வெளியே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்தேன்.

"அந்தக் கோடுகளில நிக்காதை. பிழை. பார்லோன் எண்டு சேர்த்துச் சொல்லு."

"ஆர் சொன்னது?"

"உன்ரை போனிலதான் கேட்டனான்."

"எப்ப?"

"போன சோதினைக்கு முந்தி."

கொப்பியை அவள் மூடவில்லை. கோடுகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், கந்தோரில் யாரோ நீட்டிய படிவத்தைப் பார்ப்பதுபோல. நடத்துநர் ஏறி மணியடித்தார்.

"பஸ் முருங்கன் சந்திக்கு வரமுதல் பழகிப்போடுவன்," என்றாள். "நீங்கள் வீட்டை போங்கோ."