பலகை போட்டு மூடிய அடுப்பு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நானும் கணவரும் சுவிஸின் ஷாஃப்ஹவுசன் நகரில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். படுக்கையறைச் சுவரில் செங்கல்லால் கட்டிய கணப்பு அடுப்பு ஒன்று இருந்தது. நாங்கள் அதில் நெருப்பு மூட்டுவதில்லை. புகைபோக்கியிலிருந்து கரித்தூள்தான் கொட்டும். ஒரு கோடை விடுமுறையில் கணவர் ஜிப்சம் பலகை வாங்கி வந்து அதை மூடி, மேலே வெள்ளைத் தாள் ஒட்டினார். அறை அழகாகிவிட்டது.

குளிர் தொடங்கும்போது, வருடாவருடம் வீடுவீடாக வரும் புகைபோக்கி துப்புரவாக்குபவர் வந்தார். எங்களிடம் அடுப்பே இல்லை என்று கணவர் அவரை வாசலோடு அனுப்பிவிட்டார். "உள்ளை விட்டால் பலகையைக் கழட்டச் சொல்லுவார்," என்றார் என்னிடம். நானும் ஓம் என்றேன். கீழ்வீட்டு விறகடுப்பின் புகையும் அதே புகைபோக்கி வழியாகத்தான் போகிறது என்பது எங்களுக்குத் தெரியாது.

தை மாதத்தில் ஒரு பிற்பகல் வேலை முடிந்து வந்தேன். இரவு வேலை செய்துவிட்டுப் படுத்திருந்த கணவர், உலுக்கியும் எழும்பவில்லை. எனக்கும் தலை சுற்றியது. யன்னலைத் திறந்துவிட்டு, அவரைப் படிக்கட்டுவரை இழுத்துக்கொண்டு போய்க் கத்தினேன்.

புகைபோக்கிக்குள் செங்கல் விழுந்து அடைத்திருந்ததாம். நச்சுவாயு பலகை இடுக்கால் அறைக்குள் வந்திருக்கிறது என்று, அயலவர்கள் அழைத்து வந்த தீயணைப்புப் படையினர் சொன்னார்கள். அதற்கு மணமே இல்லையாம்.

கணவர் உயிர் தப்பினார். ஆனால் மறதி வந்துவிட்டது. "நான் ஏன் வேலைக்குப் போறேல்லை?" என்று காலையில் கேட்பார். பதில் சொல்வேன். மத்தியானமும் கேட்பார்.

இப்போது வேறு வீட்டில் இருக்கிறோம். குடிவர முன், ஒவ்வொரு சுவருக்குப் பின்னாலும் என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போனாலும் கேட்கிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், பதில் சொன்னால் போதும்.

— ஒரு வாசகி, சுவிஸ்