சுத்தமாக இருந்த மணல் தொட்டி

எங்கள் நாய் மணி, வீட்டுப் பூனை மலஜலம் கழிக்கும் மணல் தொட்டியைக் கிளறி அதன் கழிவைத் தின்னும். அதட்டியும் பலனில்லை. நாய்க்கு எட்டாமல் தொட்டியை வாஷிங் மெஷின் மேல் வைத்தேன். அடுத்த இரண்டு நாளும் டைரியில் திருப்தியோடு எழுதினேன்: "தொட்டி சுத்தம்."

மூன்றாம் நாள் காலை பூனை சுருண்டு கிடந்து முனகியது. திருநகர் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர், "ஒண்ணுக்குப் போயி எம்புட்டு நேரமாச்சுண்ணே?" என்றார்.

"மெஷின் மேல ஏத்துனதுலருந்து தொட்டி சுத்தமாத்தான் இருக்கு டாக்டர்..." சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"பதிமூணு வயசுக் கெழவன் அம்புட்டு உசரம் எப்படிண்ணே ஏறுவான்? அடக்கி அடக்கி அடைச்சிருச்சு."

அவர் சிறுநீரை வெளியேற்றக் குழாய் செருகியபோது பூனையின் முன்கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறெதுவும் செய்யத் தெரியவில்லை.

பூனை பிழைத்தது. தொட்டி மறுபடி தரையில் இருக்கிறது. மணி தின்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறேன். டைரியில் அந்த இரண்டு வரிகளையும் அடிக்காமல் வைத்திருக்கிறேன்.