டேங்கர்ல என்னா இருந்துச்சு, கண்டக்டர்?

கண்டக்டர் என்றால் டிக்கெட் கொடுப்பவன் என்று நம்பித்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். கேட்கிற கேள்விக்கெல்லாம் பதிலும் கொடுக்க வேண்டியவன் என்பது வண்டி ஏறிய பிறகுதான் தெரிந்தது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் பல வருஷமாக விசில் ஊதுகிறேன். இன்றைக்கு மழை வருமா, ரயில்வே கேட் எப்போது திறக்கும், இந்தத் தடவை யார் ஜெயிப்பார்கள், பக்கத்து சீட்டுக்காரர் ஏன் அழுகிறார், எல்லாவற்றையும் என்னைத்தான் கேட்பார்கள். நீங்களும் கடையிலோ, கவுண்ட்டரிலோ, ஆஸ்பத்திரி வாசலிலோ பொதுஜனத்துக்கு நடுவில் நின்று பிழைக்கிறவராக இருந்தால் என் பாடு புரியும். கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் ஒரு டேங்கர் லாரி கவிழ்ந்தபோது பட்டதைச் சொல்கிறேன். சிரிக்க அதில் அதிகம் இல்லை.

வெள்ளைப் புகை

காலை ட்ரிப். விக்கிரவாண்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் முன்னால் வண்டிகள் தேங்கி நின்றன. எங்கள் டிரைவர் ஏழுமலை அண்ணன் எழுந்து நின்று பார்த்துவிட்டு என்ஜினை அணைத்தார். தூரத்தில் ரோட்டோரப் பள்ளத்தில் ஒரு டேங்கர் பக்கவாட்டில் படுத்திருந்தது. அதிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பி, மேலே போகாமல் தரையோடு தரையாக மல்லாட்டைக் கொல்லைக்குள், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே, நகர்ந்துகொண்டிருந்தது. காற்று எங்கள் பக்கம் திரும்பியபோதெல்லாம் கண் எரிந்தது, தொண்டையில் முள் மாதிரி ஏதோ குத்தியது.

பஸ்ஸுக்குள் உடனே ஆரம்பித்துவிட்டார்கள். சமையல் கேஸ் என்றார் ஒருவர். கேஸ் என்றால் புகை தெரியாது, இது பூச்சி மருந்து என்றார் இன்னொருவர். ராக்கெட்டுக்கு ஊற்றுகிற சமாச்சாரம் என்று ஒரு காலேஜ் பையன் சொன்னதும் அதற்கு நல்ல வரவேற்பு கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. டிரைவரை விட்டால் பஸ்ஸில் காக்கிச் சட்டை போட்டிருந்தவன் நான்தானே. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஜன்னலைச் சாத்துங்கள், யாரும் இறங்க வேண்டாம் என்றேன். முன் சீட்டில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "கண்டக்டருக்கே தெரியலன்னா, இதுல கவர்மெண்டு என்னவோ மறைக்குதுன்னு அர்த்தம்."

வெடித்த வீடியோ

என்ன இருந்தது என்பது மத்தியானமே தெரிந்துவிட்டது. ரோட்டை மறித்துப் போலீஸ் எங்களைத் திருப்பி அனுப்பியபோது, தீயணைப்பு வண்டிக்காரர் ஒருவர் ஏழுமலை அண்ணனிடம் சொன்னார். ஆசிட். பாத்ரூம் கழுவ வாங்குகிறோமே, அதே சரக்குதான், தண்ணீர் கலக்காமல் முழு வீரியத்தோடு. வெடிக்காது, ஆனால் அந்தப் புகையை இழுத்தால் நெஞ்சு வெந்துபோகும், கிட்டே போகாமல் இருந்தால் போதும் என்றார். ஆசிட்டின் வீரியத்தை முறிக்க சுண்ணாம்பு மூட்டைகள் வந்துகொண்டிருந்தன. டேங்கர் டிரைவரை மட்டும் ஆம்புலன்ஸில் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அடுத்த ட்ரிப்பில் ஏறிய எல்லோரிடமும் இதை அப்படியே சொன்னேன். இத்தனை பேர் கேட்கிறார்கள், இந்த ஒரு தடவையாவது என்னிடம் பதில் இருக்கிறதே என்று எனக்கே ஒரு திருப்தி. ஆனால் பாத்ரூம் ஆசிட்டை யாருக்கும் பிடிக்கவில்லை. அதற்கு எதற்கு இத்தனை போலீஸ் என்றார்கள். விழுப்புரத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒருவர், டேங்கர் வெடித்து ஊரே பற்றி எரியும் வீடியோவை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு வந்தார். வாங்கிப் பார்த்தேன். பின்னால் தெரிந்த கடை போர்டுகளில் ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்லை; ரோட்டோரம் பனி கொட்டிக் கிடந்தது. அதைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. போனைத் திருப்பி வாங்கி இன்னும் இரண்டு பேருக்கு அனுப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நம்ம ஊரு இல்லதான். ஆனா நம்ம ஊர்ல வெடிச்சா இப்படித்தான இருக்கும்?"

ஊர் கிளம்பியது

அந்த வீடியோ எங்களுக்கு முன்னால் போய்விட்டது. ரோடு மூடியிருந்ததால் கிராமத்து வழியாகச் சுற்றி மயிலம் போய் அங்கிருந்து திண்டிவனம் போனோம். நடுவில் ஒரு ஊர். சாயங்காலத்துக்குள் டேங்கர் வெடிக்கும், சுற்றுவட்டாரமே பொசுங்கிவிடும் என்று போனில் வந்ததாம். சனங்கள் கையில் கிடைத்ததோடு ரோட்டுக்கு வந்து நின்றார்கள். துணி மூட்டை, சாமி படம், ஒருவர் தலையில் டிவி. வெடிக்காதுங்க, வெடிக்காதுங்க என்று படிக்கட்டில் நின்று கத்திப் பார்த்தேன். வெடிக்காது என்றால் ஏன் ரோட்டை மூடினார்கள் என்று கேட்டுவிட்டு என்னைத் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். அஞ்சலை என்ற பெண் இரண்டு பெண் பிள்ளைகளையும் ஒரு ஆட்டையும் ஏற்றினாள். அவள் வீட்டுக்காரர் கோவிந்தன் பாண்டிச்சேரியில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுக்கையில் இருப்பவர். அண்ணனை பைக்கில் நான் இட்டுக்கினு வாரேன், நீங்கள் முன்னால் போங்கள் என்று கொழுந்தன் சொன்னானாம். மயிலம் வரைக்கும் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: பின்னால் பைக் வருதா, பாருங்க.

சாயங்கால ட்ரிப்பில் மயிலம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் பிள்ளைகளோடும் ஆட்டோடும் அங்கேயே நின்றிருந்தாள். கொழுந்தன் அவன் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். நடக்க முடியாதவர்களை ஆம்புலன்ஸ் வந்து தூக்கும் என்று யாரோ சொன்னார்களாம், அவனும் நம்பிவிட்டான். ஆம்புலன்ஸ் என்று ஒன்று அந்த ஊருக்கு வரவே இல்லை. ஏழுமலை அண்ணன் அவர்களை ஏற்றி, அவள் தெருமுனை வரைக்கும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். அவள் ஓடினாள். சின்னப் பெண் ஆட்டை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். கோவிந்தன் உயிரோடு இருக்கிறார் என்று பெரியவள் திரும்பி வந்து சொன்ன பிறகுதான் அண்ணன் கியர் போட்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு பேர் கோவிந்தனைத் தூக்கிவந்து எங்கள் பஸ்ஸில் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு எப்படி இருந்தீர்கள் என்று கேட்டேன். முதலில் தெருவெல்லாம் கூச்சல் கேட்டதாம், அப்புறம் நாய்கள் மட்டும், அப்புறம் அதுவும் இல்லையாம். தண்ணீர்க் குடம் கை எட்டாத தூரத்தில் இருந்ததாம். எந்த நேரம் வெடிக்குமோ என்று வாசற்படியையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். தம்பியோடு பேச்சு நின்றுவிட்டதாம். குரலில் கோபமே இல்லாமல் சொன்னார்: "பொகை ஊருக்குள்ள வரவே இல்லைங்க. ஊருதான் வெளிய பூட்ச்சு."

தனம் அக்கா கீரை

தனம் அக்கா எங்கள் பஸ்ஸில் தினமும் கீரைக் கூடையோடு திண்டிவனம் மார்க்கெட்டுக்கு வருபவர். டேங்கர் கவிழ்ந்த இடத்துக்கு அவர் கொல்லை ரொம்ப தூரம்; காற்றும் அன்றைக்கு அந்தப் பக்கம் அடிக்கவில்லை. ஆசிட் ஓடியது ரோட்டோரப் பள்ளத்திலும், அதை ஒட்டிய மல்லாட்டைக் கொல்லையிலும்தான். அது கருகிப் போனது உண்மை. ஆனால் ஏரியில் கலந்துவிட்டது, பாலில் இறங்கிவிட்டது, இனி அந்தப் பக்கத்து மண்ணே விஷம் என்று மார்க்கெட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அக்கா ஏற்றிவந்த கூடை அப்படியே திரும்பி வந்தது. வாடிய கட்டுகளை பஸ் ஸ்டாண்டு மாடுகளுக்குப் போட்டார். மாட்டுக்குப் போடாதே, செத்துப்போகும் என்று அதற்கும் ஒருவர் வந்து சண்டை பிடித்தார்.

பிறகு ஒருநாள் கூடை காலியாகத் திரும்பியது. எனக்கு சந்தோஷம், ஜனங்களுக்குப் புத்தி வந்துவிட்டதா அக்கா என்று கேட்டேன். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. எந்த ஊர்க் கீரை என்று கேட்டவர்களிடம், திண்டிவனத்துக்கு வடக்கே இருக்கிற ஒலக்கூர் என்று சொல்லிவிட்டாராம். நல்ல கீரை, இதுதான் கீரை என்று மோந்து பார்த்து வாங்கிப் போனார்களாம். காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்: "ஊரு பேர மாத்தினா கீரை நல்லதாயிடுது தம்பி. பொறந்த ஊரு பேரு இனிமே வாயில வராது போலக்கீது."

பின் சீட்டில் வந்த அம்மா

டேங்கர் டிரைவர் சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். அதோடு பேச்சு நிற்கும் என்று நினைத்தேன். அப்போதுதான் சூடு பிடித்தது. சுண்ணாம்பு கொட்டி வெளுத்துப்போன அந்த இடத்தை பஸ் தாண்டும்போதெல்லாம், தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் கதை சொன்னார்கள். குடித்திருந்தான். தூங்கிவிட்டான். போனில் எவளோடோ பேசிக்கொண்டிருந்தான். இன்சூரன்ஸுக்காக ஓனரே கவிழ்க்கச் சொன்னான். ஏன் கவிழ்ந்தது என்று எனக்குத் தெரியாது. கேஸ் நடக்கிறது என்கிறார்கள். இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஒருநாள் விழுப்புரத்தில் ஒரு அம்மா துணிப்பை ஒன்றோடு ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்தார். பேச்சு சேலம் பக்கத்துப் பேச்சு. எங்கே போகணும் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கூட்டேரிப்பட்டு என்றார். விக்கிரவாண்டி தாண்டியதும் வழக்கம்போல முன்னால் இருந்த நாலைந்து பேர் ஆரம்பித்தார்கள். பாட்டில் வண்டியிலேயே கிடந்ததைப் பார்த்தவன் எனக்குத் தெரிந்தவன் என்றார் ஒருவர். அந்த ஆளுக்கு இரண்டு குடும்பமாம் என்றார் இன்னொருவர். சுண்ணாம்புத் தடம் கண்ணில் பட்டதும் அந்த அம்மா எழுந்து வந்து, இங்கே இறக்கிவிடுவீர்களா என்று கேட்டார். இங்கே ஸ்டாப் இல்லையே, உங்களுக்கு இங்கே யாரம்மா என்றேன். லாரி ஓட்டினவர் எங்கள் வீட்டுக்காரர் என்றார். நான் விசில் அடிப்பதற்கு முன்னாலேயே ஏழுமலை அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். படிக்கட்டில் இறங்கும்போது அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை உள்ளே திரும்பினார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இத்தனை பேருக்கு அவரைத் தெரிஞ்சிருக்குதுங்க. கூட வாழ்ந்த எனக்குத்தான் ஒண்ணுமே தெரியலீங்க."

ஸ்டீரிங்கில் ஏழுமலை அண்ணன்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஏழுமலை அண்ணன் வண்டியை நிறுத்தினார். வழக்கமாக உடனே மற்ற டிரைவர்களோடு டீக்கடைக்குப் போவார். அன்று போகவில்லை. கடையிலும் அதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர்களே டிரைவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் டீயை வாங்கிக்கொண்டு வண்டிக்கே போனேன். ஸ்டீரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் குடிக்காதவர் இல்லை. வண்டி எடுக்கும் நாளில் தொட மாட்டார். எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று அப்போது தோன்றியது.

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவருக்கு பேஜாராக இருந்ததா, பயமாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை. கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாளைக்கு நான் எங்கனா வண்டிய சாய்ச்சிட்டேன்னு வையி, உன்னத்தான் வந்து கேப்பாங்க. நல்லவன்னும் சொல்லாத, கெட்டவன்னும் சொல்லாத. தெரியாதுன்னு மட்டும் சொல்லு, போதும்."

சில்லறைக்கு அடுத்தபடியாக எங்கள் வண்டியில் எப்போதும் தட்டுப்பாடாக இருப்பது ‘தெரியாது’ என்கிற இந்த ஒரு சொல்தான்.