ஜெனரேட்டரில் பதிந்த முதல் ரிக்கார்டு

1. ஊசி வைத்த நாள்

சென்னையிலிருந்து லாரி பார்சலில் வந்த கட்டைப் பிரித்தபோது என் கடையில் நிற்க இடமில்லை. தூத்துக்குடியில் மைக் செட் வாடகைக்கு விடும் கடை அது. எழுபதுகளின் கடைசி. 'நங்கூரம் பாய்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு கிட்டாரும் டிரம்ஸுமாகத் திரிந்த நம் ஊர்ப் பையன்கள் நாலு பேரின் முதல் எல்.பி. வந்திருந்தது. பதிவு செய்தவன் நான். அட்டையின் பின்பக்கம் 'ஒலிப்பதிவு' என்று என் பெயர் இருந்தது. இவ்வளவு பொடி எழுத்திலா போடுவார்கள் என்ற மனக்குறையோடு ஊசியை வைத்தேன்.

கிட்டார் தலைதெறிக்க ஓடியது. பின்னாலேயே ஒரு குரல் வந்தது. பள்ளிக்கூடப் பையனின் குரல், பஸ்ஸைத் தவறவிட்டவனின் அவசரம். எங்கள் பாடகன் சேவியரோ ஹார்பரில் மூட்டைக் கணக்கு எழுதும் டாலி கிளார்க். அடித்தொண்டையில் உருகி உருகிப் பாடுகிறவன்.

"அண்ணாச்சி, வேற எவனோட ரிக்கார்டையோ மாத்தி அனுப்பிட்டானுவ" என்றான் சேவியர்.

டிரம்ஸ் அடிக்கும் முருகேசன் பெட்டியருகே காதைக் கொண்டுபோனான். "இல்லலே. ரெண்டாவது சரணத்துல நான் குச்சிய நழுவ விட்டேம்லா, அது கேக்கு. நம்ம பாட்டுதான்."

பிளேயரின் வேகத்தைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. உடனே ரிக்கார்டு கம்பெனியைத் திட்ட ஆரம்பித்தேன். பழுது எதுவானாலும் முதலில் அடுத்தவனைத் திட்டுவது எங்கள் தொழிலில் அரிச்சுவடி.

2. முள் அசையாத மீட்டர்

பதிவு நடந்தது ஊருக்கு வெளியே காலியாகக் கிடந்த ஓர் உப்பு குடோனில். அங்கே கரண்ட் கிடையாது. என் ஜெனரேட்டரைத் தள்ளி நிறுத்தி ஒயர் இழுத்தேன். அப்படியும் அதன் சத்தம் மைக்கில் விழுந்தது. அதனால் எஞ்சின் வேகத்துக்கான ராட்டிலைக் குறைத்து மெதுவாக ஓடவிட்டேன். வோல்டேஜ் இறங்கியது, பூஸ்டர் போட்டு ஏற்றினேன். மூளை இருப்பவன் செய்கிற வேலை என்று என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறை.

"இந்த முள்ளப் பாருங்கலே. அசையுதா? மெட்ராஸ் ஸ்டுடியோவுல கூட இப்படிக் கரண்ட் வராது" என்று பையன்களுக்குப் பிரசங்கம் வேறு.

கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்த என் மைத்துனன்தான் விஷயத்தை உடைத்தான். "அத்தான், வோல்டேஜப் பாத்திய, சரி. சைக்கிள்ஸப் பாத்தியளா? கரண்டு செகண்டுக்கு அம்பது தடவ துடிக்கணும்லா. ஜெனரேட்டர் மெதுவா ஓடுனா டேப்பு மோட்டாரும் மெதுவாத்தான சுத்தும்?"

மெதுவாக ஓடிய டேப்பில் பதிந்து, அதே ஜெனரேட்டரில் மெதுவாகவே போட்டுக் கேட்டிருக்கிறோம். அமிர்தமாக இருந்தது. சென்னையில் ஒழுங்கான கரண்டில் ஓடவிட்டதும் வேகமும் சுருதியும் ஏறிவிட்டன. வீட்டில் ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நானோ டேப் தேய்ந்துவிடும் என்று மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி படத்தடியில் வைத்திருந்தேன்.

3. கள்ளன்

வேடிக்கை என்னவென்றால் ரிக்கார்டு பிய்த்துக்கொண்டு போனது. டீக்கடையெல்லாம் அதே பாட்டு. ஆனால் சேவியரின் குரல் தெரிந்த ஊராயிற்றே. "மெட்ராஸ்ல எவனையோ பாட வச்சு, அட்டையில இவனுவ மூஞ்சியப் போட்ருக்கானுவ" என்று பேச்சு கிளம்பியது. ஹார்பரில் அவனைப் பார்க்கிறவனெல்லாம், "எங்கலே, உனக்குப் பதிலாப் பாடுத பொடியன்?" என்று கேட்டான்.

அந்த நேரம் பார்த்து, மாதா கோயில் திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம் கடற்கரை மைதானத்தில் பாட அழைப்பு வந்தது.

"ரிக்கார்டுல உள்ள மாதிரிப் பாடாட்டி நான் கள்ளன்தான் அண்ணாச்சி" என்றான் சேவியர். அவன் என்னை நாலு அறை அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பிளேயரை இரவல் கேட்டான், அவ்வளவுதான். தன் பாட்டைத் தானே ரிக்கார்டு போட்டுப் படித்த பாடகன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

முருகேசனுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. "நீங்க ராட்டிலக் குறச்சதுக்கு எங் கை ஒடியுது" என்று பார்க்கும்போதெல்லாம் சொன்னான்.

4. மேடைக்கு அடியில்

மைதானம் நிறைந்திருந்தது. ஹார்பர்க்காரர்கள் முன்னால் கைகட்டி நின்றார்கள். அந்தச் சுருதியில் உருகிப் பாட முடியாது, கத்தத்தான் முடியும். சேவியர் கத்தினான். கத்தலுக்குள்ளே மெட்டு மட்டும் குலையாமல் இருந்தது. மூன்றாவது பாட்டில் கட்டிய கைகள் அவிழ்ந்தன.

கடைசிப் பாட்டின் நடுவில் அவன் தொண்டை போய்விட்டது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மைக் லீடுதான் போச்சு என்று முடிவு கட்டினேன். ஒயரை உலுக்கினேன். வால்யூமைக் கூட்டி, பெட்டி ஊளையிட்டதும் குறைத்தேன். பிறகு மேடைக்கு அடியில் தவழ்ந்துபோய் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தேன்.

முருகேசன் அடிப்பதை நிறுத்தாமலே குனிந்து சொன்னான்: "அண்ணாச்சி, ஒண்ணையும் தொடாதீய. ஆளுவ பாடுதாவ."

தலையை வெளியே நீட்டினேன். மைதானமே பாடிக்கொண்டிருந்தது. அதே தலைதெறிக்கிற வேகத்தில், ஒரு சொல் பிசகாமல். கைகட்டி நின்றவர்கள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினார்கள். சேவியர் மைக்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

மைக் செட் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு இரண்டு சொல்லலாம். வோல்டேஜோடு சைக்கிள்ஸையும் பாருங்கள். கூட்டம் பாட ஆரம்பித்துவிட்டால் ஆபரேட்டருக்கு அங்கே வேலை இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மேடைக்கு அடியில் இருந்தபடியே நானும் பாடினேன். சுருதி சேரவில்லை.