பழைய ஸ்கேனருக்கும் கேட்கும்படி

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், கம்ப்யூட்டர் ரூமில் எனக்கு வேலை. யார்டுக்குள் ஆட்கள் ஸ்கேனரை வைத்துப் பெட்டிகளின் எண்ணைப் படிப்பார்கள். அது வைஃபையில் எங்களுக்கு வந்து சேரும். பழைய ஸ்கேனர்களோடு வேகமான புது ஸ்கேனர்கள் சிலவற்றையும் மேனேஜர் வாங்கி இறக்கினார். அன்றைக்குப் பிடித்தது சனியன். பாதி எண் வராது. எண் வராமல் லாரியை வெளியே விட முடியாது. கேட்டில் டிரைவர்கள் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள்.

நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டவள் என் தோழி, வியாசர்பாடிக்காரி. வேலை நிரந்தரமாகவில்லை. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. "சாயந்திரத்துக்குள்ள சரியாவலன்னா நாளைக்கு வராதம்மா" என்று ஒருநாள் மேனேஜர் சொல்லிவிட்டார். அவள் நிதானமாக டீயைக் குடித்து முடித்து, வைஃபை செட்டிங்கைத் திறந்தாள். 'புரொடெக்‌ஷன்' என்ற இடத்தில் 'ஆஃப்' என்றிருந்தது.

"இத்த யாரு சார் ஆஃப் பண்ணது?"

"நான்தான். சுத்தி காம்பவுண்டு கீது, வாட்ச்மேன் கீறான், நாய் கீது. அதுக்கு மேல இன்னா புரொடெக்‌ஷன்? ஆஃப் பண்ணா ஸ்பீடு ஏறுது."

நான் கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் சிரிக்கவே இல்லை.

"இது திருடனுக்கு இல்ல சார். புது ஸ்கேனர் பேசறது பழசுக்குப் புரியாது. யாரும் பேசலன்னு நெனச்சிக்கினு அதுவும் பேசும். ரெண்டும் முட்டிக்கும். ஆன் பண்ணா, புதுசு மொதல்ல பழசோட பாஷையிலயே 'கொஞ்சம் இரு, நான் பேசிக்கிறேன்'னு குரல் குடுத்துட்டு, அப்பால பேசும்."

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு எதையும் விளக்கியதில்லை. ஆன் செய்தாள். எண்கள் ஒன்று விடாமல் வந்து விழுந்தன.

மேனேஜரோ ஸ்பீடைத்தான் பார்த்தார். "கொறஞ்சி போச்சேம்மா. அத்தினி செலவு பண்ணி வாங்கனது எதுக்கு? திரும்ப ஆஃப் பண்ணு."

"நான் பண்ண மாட்டேன் சார். நீங்களே பண்ணிக்கோங்க. ஆனா அப்பறம் நான் வர மாட்டேன்."

போகவிருந்த வேலையை இப்போதுதான் காப்பாற்றியிருந்தாள். அதையே தூக்கி மேசைமேல் வைத்துவிட்டாள். அந்தத் தைரியம் எனக்கு ஜென்மத்துக்கும் வராது.

மேனேஜர் மவுஸைப் பிடித்தார். வெளியே லாரிகள் ஒவ்வொன்றாக கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்தவர், மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"நாளைக்குச் சீக்கிரம் வந்துடும்மா" என்றார்.