ரெண்டு விரல் இடம்

என் அத்தான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவர் தெருவில் வந்தால், முதலில் ஆள் வருவார், சட்டை கொஞ்சம் பொறுத்து வந்து சேரும். காற்று பலமாக அடிக்கிற நாளில் அவருடைய வாடிக்கையாளர்கள் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் முனை திரும்புவார்கள் என்று நானே நாலு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அக்கா புருஷனைக் கிண்டல் பண்ணாமல் வேறு யாரைப் பண்ணுவது.

அவருக்கு எங்கள் பக்கத்தில் பெயரே 'ரெண்டு விரல்'தான். அளவு எடுத்து முடித்ததும் நாடாவுக்கும் உடம்புக்கும் நடுவில் ரெண்டு விரலை நுழைத்துப் பார்ப்பார். கழுத்தா, தோளா, மணிக்கட்டா, எங்கேயும் அதே ரெண்டு விரல். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. இவ்வளவு எதுக்கு அத்தான் என்று கேட்டால், "மனுஷன் காலையில ஒரு அளவு, சாப்பிட்டப்புறம் ஒரு அளவு, கோவம் வந்தா ஒரு அளவு. இதுல எந்த அளவுக்கு நான் தைக்கிறது?" என்பார். மற்ற தையல்காரர்கள் பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டுவார்கள். இவர் கடையில் அந்தப் பேச்சே கிடையாது. இடம் விட்டுத்தானே தைக்கிறோம், சுருங்கினால் சுருங்கட்டும் என்று அப்படியே கத்தரியைப் போடுவார்.

அக்கா பஸ் ஓட்டுகிறாள். அவள் பஸ் கிளம்புவதைப் பார்த்துத்தான் மணிக்கூண்டுக் கடிகாரத்தையே திருப்பி வைக்கிறார்கள் என்று நான் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அத்தான் இரவோடு இரவாகத் தைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். ரவுண்டானாவில் திரும்பும்போது சட்டைக் கை போய் கியர் கம்பியில் மாட்டிக்கொண்டது. கையை விடுவிக்கவும் முடியவில்லை, கியரை மாற்றவும் முடியவில்லை. பஸ் அந்த ரவுண்டானாவை மூன்று சுற்று சுற்றியது. நான் சொல்லும்போது ஏழு. யாருக்கும் அடி இல்லை, ஆனால் பஸ் நிலையம் முழுக்கச் சிரித்தது.

வீட்டுக்கு வந்தவள் சட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "இனிமே நீங்க தச்சது எதுவும் என் உடம்புல ஏறாது" என்றாள். அத்தான் ஏதோ முணுமுணுத்தார். ஒரு தடவை தண்ணியில போட்டா என்று ஆரம்பித்தார், அதற்குள் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

அதற்கப்புறம் பதினொரு வருஷம். அக்கா ரெண்டு தெரு தள்ளி இருக்கிற தையல்காரரிடம்தான் தைத்துக்கொள்கிறாள். அவரை 'அச்சு' என்பார்கள், அச்சில் வார்த்த மாதிரி தைப்பார். அத்தான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வருஷம் தவறாமல் அக்கா பிறந்தநாளுக்கு அதே நீலத்தில் ஒரு சட்டை தைத்து, மடித்து, அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவார். அக்கா அதைப் போடவும் மாட்டாள், தூக்கிப் போடவும் மாட்டாள். மடிப்புக்கு மடிப்பு அந்துருண்டை வைத்துப் பத்திரமாக வைத்திருந்தாள். ரெண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கீழ்த்தட்டு ஒன்றுதான் பேசாமல் கிடந்தது. மற்றபடி இருவரும் வாய் ஓயாதவர்கள்.

நான் வேலை பார்ப்பது விமானத் திடலின் கடைசியில் உள்ள கொட்டகையில். பழைய விமானங்களைப் பழுது பார்த்து நிறுத்துகிற இடம். என் வேலை பிரஷ் பிடிப்பது. அங்கே ஒரு டைகர் மாத் வந்து சேர்ந்தது. மேலே ரெண்டு, கீழே ரெண்டு என்று நாலு இறக்கை, திறந்த இருக்கை ரெண்டு, மர எலும்பு, அதன்மேல் துணி. உலகப் போர்க் காலத்தில் விமானம் ஓட்டப் பழகிய ஆயிரக்கணக்கான பையன்கள் முதன்முதலில் ஏறிய வண்டி இதுதான். முன்னால் வாத்தியார், பின்னால் மாணவன். போர் முடிந்ததும் வேலை போன சிப்பாய் மாதிரி கிடைத்ததையெல்லாம் செய்தது. எங்களுடையது வயலுக்கு மருந்து தெளித்தது, அப்புறம் பறக்கும் சங்கத்தில் பாடம் நடத்தியது, அப்புறம் இருபது வருஷம் தார்ப்பாய்க்குக் கீழே புறாக்களுக்கு வீடாக இருந்தது. பழைய துணியை உரித்தபோது மேலே வெள்ளி, அதற்குள் பச்சை, அடியில் பட்டாளத்து மஞ்சள் என்று வெங்காயம் மாதிரி வந்தது.

புதுத் துணி தைக்க எங்கள் கொட்டகை போர்மேன் முதலில் அழைத்து வந்தது அச்சைத்தான். அவர் இறக்கை ஓரத்தில் ஆடுகிற சின்னத் துண்டு ஒன்றுக்கு உறை தைத்துப் போட்டார். ஒரு சுருக்கம் இல்லை. எறும்பு நடந்தால் வழுக்கும். எல்லாரும் கைதட்டினோம். அதன்மேல் நான் டோப் பூசினேன். டோப் என்பது வார்னிஷ் மாதிரி ஒரு திரவம், காயக் காயத் துணியைச் சுருக்கி இறுக்கும். ஏற்கெனவே இறுக்கமாக இருந்த துணி இன்னும் இறுகியது. மூன்றாவது பூச்சு காயும்போது உள்ளேயிருந்து படக்கென்று ஒரு சத்தம். மர எலும்பு முறிந்துவிட்டது.

போர்மேன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "கொஞ்சம் தளர்வா, ஆனா எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி தளர்வா தைக்கிற ஆளு எங்கயாவது இருக்கானா?"

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற டகோட்டா விமானம் ரெண்டு அங்குலம் நகர்ந்தது.

அத்தானை அழைத்து வந்தேன். அவர் விமானத்தின் எலும்புக்கூட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"இதுக்கு என்ன பேரு மச்சான்?"

"டைகர் மாத். தமிழ்ல சொன்னா புலி அந்துப்பூச்சி."

"ஏன்டா, துணியைத் திங்கிற பூச்சிக்கே துணி தச்சுக் குடுக்கச் சொல்றியா?"

சொன்னாரே ஒழிய, கையில் நாடாவை எடுத்துவிட்டார். அக்காவிடம் மட்டும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். இதிலும் கேலி கேட்க அவருக்குத் தெம்பு இல்லை.

முதல் வாரம் முழுக்கக் கொட்டகையில் இருந்த ஒவ்வொரு விமானத்தையும் தட்டித் தடவிப் பார்த்தார். ஒரு தையல்காரர் கண்ணில் விமானத்தின் வரலாறு எப்படித் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. டைகர் மாத்துக்குத் தலையிலிருந்து வால் வரை துணி, அதனால் அது முழு உடை போட்ட மரியாதையான குடும்பத்து விமானம். சுவரில் ஹரிக்கேன் என்ற சண்டை விமானத்தின் படம் மாட்டியிருந்தது. முன்பாதி உலோகம், பின்பாதி துணி என்று சொன்னேன். "அப்ப இவன் சட்டையைக் கழட்டிட்டு வேட்டியோட சண்டைக்குப் போனவன்" என்றார். டகோட்டாவைக் காட்டினேன். போரில் சிப்பாய்களை ஏற்றிய விமானம், அப்புறம் அதிலேயே இருக்கை போட்டு ஜனங்களை ஏற்றினார்கள், அப்புறம் சரக்கு. உடம்பு முழுக்க அலுமினியம், இதில் உங்களுக்கு வேலை இல்லை என்றேன். அவர் விடவில்லை. வாலில் ஆடுகிற பலகையை விரலால் சுண்டினார், உலோகச் சத்தம் வரவில்லை. அங்கே துணி. அவர் முகத்தைப் பார்க்கணுமே. "எல்லாத்தையும் அவுத்தும் கோவணத்தை மட்டும் விடல பாரு" என்று அதன் வாலைத் தட்டிக்கொடுத்தார். மூலையில் நின்ற ஜெட்டை மட்டும் நெருங்கவில்லை. அதில் எங்கேயும் துணி கிடையாது. கண்ணைத் திருப்பிக்கொண்டு, "அந்தப் பக்கம் ஒரு திரையாவது கட்டி விடுங்கடா" என்றார்.

வேலையில் உட்கார்ந்தால் விளையாட்டு இல்லை. தலையணை உறை மாதிரி நீளமாகத் தைத்து இறக்கையில் மாட்டுவார். மெழுகு தேய்த்த நூலும் முழ நீள ஊசியும் வைத்துக்கொண்டு, மூணு அங்குலத்துக்கு ஒரு முடிச்சாகத் துணியை எலும்போடு சேர்த்துக் கட்டுவார். மேலே இவர் குத்த, கீழே நான் படுத்து ஊசியைத் திருப்பி அனுப்புவேன். சின்னத் துண்டுகள் முதலில் முடிந்தன. டோப் பூசியதும் தொளதொளவென்று இருந்தது அப்படியே இறுகி நின்றது, ஓர் எலும்பும் முனகவில்லை. ரெண்டு விரல் அளவைப் பிறந்ததிலிருந்தே இந்த விமானத்துக்காக சேர்த்து வைத்திருந்தவர் போல இருந்தது.

வம்பு டோப் ரூபத்தில் வந்தது. அதன் வாசனை அச்சு அசலாக நகப்பூச்சு வாசனை. ஒரு நாள் அக்கா என்னைப் பஸ் நிலையத்தில் பிடித்து நிறுத்தினாள்.

"டேய், ஐம்பத்திநாலு வயசுல இவர்மேல நகப்பூச்சு வாசனை ஏன்டா அடிக்குது?"

நான் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவன். அதனால் சத்தியம் மீறாமல் சொன்னேன். "அவளுக்கு எண்பது வயசுக்கு மேல ஆகுது அக்கா. மஞ்சள் நிறம். நாலு கை. எங்க கொட்டகையிலதான் இருக்கா."

மறுநாள் மத்தியானம், ரெண்டு டிரிப்புக்கு நடுவில் கிடைத்த நாற்பது நிமிஷத்தில், பஸ்ஸைக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் நிறுத்திவிட்டாள்.

வந்த நேரம் சரியில்லை. பெரிய மேல் இறக்கைக்கு அன்றுதான் உறை மாட்டி முடித்திருந்தோம். இன்னும் ஒரு சொட்டு டோப் படவில்லை. துணி கட்டிலில் விரித்த போர்வை மாதிரி தொய்ந்து கிடந்தது. அக்கா அதைப் பார்த்தாள். முழ ஊசியோடு நின்ற புருஷனைப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, அதுதான் மோசம்.

"இதுல மனுஷங்க ஏறிப் போவாங்களா?"

"ம்."

"பறக்கிற சாமானைக்கூட அளவா தைக்க முடியலையா உங்களால?"

அத்தான் ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார். அந்த இறக்கை சரியாக வராவிட்டால் விமானம் பறக்காது, அவ்வளவுதான். ஆனால் அவள் அப்படியே திரும்பிப் போய்விட்டால் கீழ்த்தட்டு இனி எந்தக் காலத்திலும் திறக்காது. அது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

"செத்த நேரம் உக்காரு" என்றார்.

நான் வாளியையும் பிரஷ்ஷையும் எடுத்தேன். என் ஆயுளில் அவ்வளவு ஒழுங்காகப் பூசியதில்லை. அக்கா ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள், ஒரு கண் கடிகாரத்தில். பூசி முடித்ததும் கொட்டகைக் கதவைத் திறந்து வைத்தோம், வெயில் உள்ளே வந்தது. கொஞ்ச நேரத்தில் ஓரத்துச் சுருக்கம் ஒன்று மெல்ல நிமிர்ந்தது. அப்புறம் பக்கத்துச் சுருக்கம். யாரும் தொடவில்லை, யாரும் இழுக்கவில்லை. நடுவில் இருந்த தொய்வு, தூங்கி எழுந்தவர் மூச்சை இழுத்து நிமிர்வது போல, மேலே வந்தது.

அக்கா எழுந்து போய் ஓரத்தில் காய்ந்திருந்த இடத்தில் விரலால் சுண்டினாள். மத்தளச் சத்தம் வர இன்னும் நாலு பூச்சு வேண்டும், ஆனாலும் லேசாக டும் என்றது. இன்னொரு இடத்தில் சுண்டினாள். அங்கேயும் அதே டும். இறக்கை நீளத்துக்கும் சுண்டிக்கொண்டே போனாள்.

"எல்லா இடத்துலயும் ஒரே சத்தம்" என்றாள்.

"ரெண்டு விரல்" என்றார் அத்தான்.

அன்று அவள் பஸ் மூன்று நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. மணிக்கூண்டுக் கடிகாரம் இன்றுவரை அந்த அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை.

அடுத்த விடுமுறை நாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அத்தான் கடையில் இருந்தார். பின்கட்டில் அக்கா, வீட்டிலிருந்த பெரிய பாத்திரம் பூராவையும் அடுப்பில் ஏற்றி, ஆவிக்கு நடுவில் கரண்டியோடு நின்றாள். எட்டிப் பார்த்தேன். உள்ளே நீலநீலமாகச் சட்டைகள் கொதித்துக்கொண்டிருந்தன. வீடு முழுக்க அந்துருண்டை வாசனை.

கொடியில் காயப்போட்டதும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ரெண்டு சட்டை நைலான் கலந்த துணி, சுருங்கவே இல்லை, அதற்குள் நாங்கள் ரெண்டு பேரும் நுழைந்து கூட்டுக் குடித்தனம் நடத்தலாம். ஒன்று கம்பளி, பொம்மைக்குப் போடுகிற அளவுக்கு வந்துவிட்டது. மற்ற எட்டும் பருத்தி. எட்டும் அவள் தோளில் போய், யாரோ இந்தத் தோளைப் பதினொரு வருஷம் பார்த்துக்கொண்டே இருந்த மாதிரி உட்கார்ந்தன.

மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள். "அந்த முதல் சட்டையை நான் துவைக்காமப் போட்டுட்டுப் போனேன்டா. இவர் அன்னிக்கே சொல்ல வந்தார். நான்தான் கதவைச் சாத்திட்டேன்."

நான் ஒரு ஜோக் சொல்ல வாயைத் திறந்து, அதை விட்டுவிட்டுக் கொடியில் மிச்சமிருந்த சட்டைகளை மடிக்க ஆரம்பித்தேன். எனக்கே அது புதுசு.

டைகர் மாத் பறந்த அன்று சோதனை அதிகாரி இறக்கையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். திடலைச் சுற்றி நல்ல கூட்டம். பார்க்க வந்தவர்களை இறக்கிவிட அக்காவின் பஸ்தான் வந்தது, நேரத்துக்கு. அதே சமயம் மஞ்சள் விமானம் புல்லை உதறிக்கொண்டு எழும்பியது. போர்மேன் தொப்பியைக் கழற்றினார். ஜனங்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நாலு மாசம் குத்திக் கோத்த முடிச்செல்லாம் தலைக்குமேல் போகிறது, ஒரு தடவையாவது பாருங்க அத்தான் என்று தோளை இடித்தேன்.

அவர் பார்க்கவில்லை. பஸ்ஸின் டிரைவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்மேல் நீலச் சட்டைக் கை ஒன்று இருந்தது. அது இறங்கி, கியர் கம்பியைப் பிடித்து, எதிலும் மாட்டாமல் முதல் கியரைப் போட்டது. அக்கா ஜன்னல் வழியாக ரெண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தாள்.