கிரேனை நிறுத்தும் கை

அந்த இரும்புப் பட்டறையில் அவளுக்கு வாய்த்த பெயர் பிரேக்கக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரை அங்கே யாரும் கூப்பிட்டதில்லை.

இடுப்பில் ரிமோட் பெட்டியைக் கட்டிக்கொண்டு, தலைக்கு மேலே ஓடும் கிரேனை இயக்குவது அவள் வேலை. பத்து ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாத இரும்புத் தகட்டுக் கட்டுகளை அலுங்காமல் குலுங்காமல் இறக்கி வைப்பாள். ஆனால் காலை ஷிப்டில் அவள் ஓட்டும்போதெல்லாம் கிரேன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். மாலையில் அவள் கொழுந்தன் ஓட்டினால் ஒரு தொல்லையும் கிடையாது. பிறகென்ன, பழி அவள் தலையில்தான்.

"உன் கையில ஏதோ இருக்கு" என்றார் சூப்பர்வைசர். வீட்டில் புருஷனும் சும்மா இருக்கவில்லை. "மிக்ஸியத் தொடாத, நின்னுடும்" என்று பிள்ளைகள் முன்னாலேயே கிண்டலடிப்பான். சிரித்து வைப்பாள்.

சரக்கு வாங்க வந்தவர்களுக்கு முதலாளி பட்டறையைச் சுற்றிக் காட்டிய அன்று, நேரம் பார்த்துக் கிரேன் நின்று, தகட்டுக் கட்டு அந்தரத்தில் தொங்கியது. அத்தோடு அவளிடமிருந்து பெட்டியை வாங்கிவிட்டு, கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். கொழுந்தன் காலை ஷிப்டுக்கு வந்தான். கூடவே புது ரிமோட்டும் வந்தது. கிரேன் அதன்பின் நிற்கவேயில்லை.

புது ரிமோட்டைச் சரிபார்க்க வந்த டெக்னீஷியனிடம் அவள் மெல்லக் கேட்டாள். "பழசு ஏன் தம்பி காலையில நின்னுச்சு?"

"அது எப்பவும் ஒரே ரேடியோ சேனல்ல பேசும்க்கா. பக்கத்து ஷெட்டுல காலையில மட்டும் ஓடுற கிரேனும் அதே சேனல்தான். ரெண்டு பேரு ஒரே நேரத்துல கத்துனா உங்க கிரேனுக்கு என்ன கேக்கும்? கேக்கலன்னா ஆபத்து வேணாம்னு தானா நின்னுடும். புதுசு கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள பல சேனலுக்குத் தாவித் தாவிப் பேசும். எந்த வரிசையில தாவணும்னு பெட்டிக்கும் தெரியும், மேல கிரேன்ல இருக்குற ரிசீவருக்கும் தெரியும். ஒரு இடத்துல இடைஞ்சல்னா அடுத்த இடத்துல சேதி போய்ச் சேந்துடும்."

"அப்ப என் கையில தப்பு இல்லையா?"

"கைக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

கையோடு அவனைச் சூப்பர்வைசரிடம் அழைத்துப் போனாள். "இவரு சொல்றத ஒரு தரம் கேளுங்க சார். எனக்கு என் பெட்டியத் திருப்பிக் குடுங்க."

அவர் முழுவதும் கேட்டார். தலையைக்கூட ஆட்டினார். "அதான் இப்ப நல்லா ஓடுதே. முடிஞ்சு போனத ஏன் கிளறுற? உன் கொழுந்தனுக்குக் கைராசி, விடு."

டெக்னீஷியன் வேலை முடிந்த சீட்டில் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டியவன். சீட்டை அவர் முன்னால் நீட்டினான்.

பக்கத்தில் நின்று அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்த கொழுந்தன் ரிமோட்டை அழுத்தித் தகட்டுக் கட்டைத் தூக்கத் தொடங்கினான். கிரேன் ஓட்ட அவனுக்குப் பழக்கியதே அவள்தான்.

"அண்ணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கிரேன் நின்னுடப் போவுது!"

பட்டறையே சிரித்தது. டெக்னீஷியனும் சிரித்தான். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.